எண்ணெய்ச் சட்டி, சல்லடை, நாயனம்

திருக்கோஷ்டியூரில் காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். மீனாள் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, பரிசுப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது. பூ வாடத் தொடங்கிவிட்டது. காரின் முன்மூடி திறந்தே கிடந்தது. அதற்குள் இடுப்பு வரை குனிந்து கிடந்த அவள் புருஷன் வீரையாவின் சரிகை வேட்டியும் முதுகும்தான் வெளியே தெரிந்தன.

"என்னங்க, கெளம்புவமா?"

பதில் இல்லை.

"ஏங்க, உங்களத்தான்! தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, எலை எடுக்கவா போறோம்?"

அதற்கும் பதில் இல்லை. அவள் கிட்டே போய்த் தோளில் தட்டினாள். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் மூடியில் தலை இடித்தது. நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தது.

"இந்தா, ஒரே ஒரு போல்ட்டுத்தேன். முடிஞ்சுருச்சு" என்றான்.

அந்த ஒரே ஒரு போல்ட்டை மீனாள் ஒரு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த போல்ட்டினால் அவள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள். மதுரைக் கல்லூரி விடுதியிலிருந்து லீவுக்கு வந்த மகள் அழகி காரைக்குடி ஸ்டேஷனில் பெட்டியை வைத்துக்கொண்டு வெயிலில் காத்திருக்கிறாள். ஒரு தடவை கேஸ் அடுப்பு வாங்கப் போனவர்கள் கோவிலூர் மடத்துக்கு எதிரே இறங்கி, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்பு வாங்காமலே வீடு திரும்பினார்கள்.

எல்லாம் காற்றுக்காக வந்த வினை.

வீரையாவுக்கு அமராவதிபுதூரில் அரிசி மில். இருபது வருசத்துக்கு மேலாக ஓடுகிறது. மீனாள் காரைக்குடியில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் பஸ்ஸில் இடிபடாமல் போகட்டும் என்றுதான் எழுபதாம் வருசம் பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கினார்கள். நல்ல வண்டி. சத்தம் போடாமல் ஓடியது. இஞ்சினுக்குப் போகிற காற்று கறுப்பாகப் பானை போல ஒன்றுக்குள் நுழைந்து, அடியில் இருக்கிற எண்ணெயில் தூசியை விட்டுவிட்டுச் சுத்தமாக உள்ளே போகும். கம்பெனிக்காரன் வைத்தது. அதை எண்ணெய்ச் சட்டி என்றுதான் சொல்வார்கள். அது அங்கே இருப்பதே மீனாளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் நிம்மதியாக இருந்தாள்.

போன சித்திரையில் வீரையாவின் சித்தப்பா மகன் பெரியகருப்பன் பினாங்கிலிருந்து வந்தான். எல்லாருக்கும் சேலை, டார்ச்சு லைட், கோடாலித் தைலம். வீரையாவுக்கு மட்டும் வட்டமாக, வெள்ளி போலப் பளபளக்கிற ஒரு சாமான். சுற்றிலும் கம்பிவலை, நடுவில் ஓட்டை.

"அங்க எளவட்டப் பயலுக எல்லாம் இதத்தாண்ணே போடுறாய்ங்க. கம்பெனிச் சட்டியக் கழட்டி வீசிட்டு இத மாட்டணும். இஞ்சின் நல்லா மூச்சு விடும். இழுவை கூடும். அப்பறம் அந்தச் சத்தம் இருக்கே..." என்று பெரியகருப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே மாட்டினார்கள். வீரையா ஆக்சிலேட்டரை மிதித்ததும் மூடிக்குள்ளிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. புகைக்குழாய்ச் சத்தம் இல்லை அது. முன்னாலிருந்து, இஞ்சினே வாயைத் திறந்து காற்றை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம். தொழுவத்தில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வீரையாவின் முகம் அப்படி மலர்ந்து மீனாள் கல்யாணத்தன்றைக்குக் கூடப் பார்த்ததில்லை.

அதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் சல்லடையைப் பார்க்கக் கருத்தையா வந்தான். கருத்தையா மீனாளின் பெரியப்பா மகன். கோவிலூர் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறவன். அடுத்தவன் கொண்டுவந்த எதையும் நல்லது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"வலையில காத்து மாட்டித் தெணறும் மாப்ள. முழுசாத் தொறந்து விடணும். வாய் அகலம், கழுத்து ஒடுக்கம். அப்பத்தேன் காத்து வேகமா உள்ள போகும்."

பத்து நாளில் பித்தளையில் கூம்பு ஒன்று அடித்துக் கொண்டுவந்துவிட்டான். பார்க்க நாயனத்தின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்தது போல இருந்தது. பெயரும் நாயனம் என்றே ஆகிவிட்டது. அதில் வலையும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. காற்றும் தூசியும் கதவைத் தட்டாமல் உள்ளே போகலாம்.

அதன் பிறகு மாறி மாறி மாட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை. சல்லடை போட்டால் இழுவை அதிகம் என்று வீரையா சொல்வான். நாயனத்துக்கு அது கால்வாசிகூட வராது என்பான் கருத்தையா. குன்றக்குடி போகிற ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். திரும்பி வந்து சண்டை போடுவார்கள். காப்பி குடிப்பார்கள். மறுபடியும் மூடியைத் திறப்பார்கள்.

மீனாள் கணக்கு டீச்சர். "எம்புட்டு கூடுது? அளந்தீகளா?" என்று கேட்டாள்.

"அளக்குறதுக்கு என்ன இருக்கு? அதான் காதுலயே கேக்குதே!" என்றான் கருத்தையா. வீரையா பலமாகத் தலையாட்டினான்.

பள்ளிக்கூடத்தில் அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாக ஓர் உறுமல் வரும். திரும்பிப் பார்த்தால் எல்லாப் பெண்களும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தலைமையாசிரியை கூப்பிட்டு, காலை ஜெபம் நடக்கும்போது கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்த வேண்டாம் என்று சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மீனாள் பிடித்த சண்டையில் வீரையா பயந்துபோய் எண்ணெய்ச் சட்டியை மாட்டினான். அதுவும் விளங்கவில்லை. அந்த வாரமே கடைத்தெருவில் காரை நிறுத்திவிட்டு, இஞ்சினை அணைக்காமல் இறங்கிப் போய், மத்தியானம் வரை யாரிடமோ நெல் விலை பேசியிருக்கிறான். வந்து பார்த்தால் டாங்கில் பெட்ரோல் இல்லை. இன்னொரு நாள் ஓடுகிற இஞ்சினுக்கே மறுபடி ஸ்டார்ட்டரைப் போட்டு, பல் உடைகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, ரோட்டில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வீரையா மட்டும் சாவியை விடவில்லை.

"உங்க புத்தி பூரா அந்தக் கூம்புக்குள்ளயும் வலைக்குள்ளயுமே கெடக்கு. இங்குட்டு ஒரு மனுஷி இருக்கா, ஒரு வண்டி ஓடுது, ஒண்ணும் தெரியல" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டான். இப்போதெல்லாம் சாப்பிடும்போது அவன் பேசுவதே இல்லை. அவள் ஏதாவது கேட்டால் சோற்றைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவான். ஆமாமா, இல்லையா என்பது அவளுக்கும் தெரியாது, சோற்றுக்கும் தெரியாது.

திருக்கோஷ்டியூருக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பொண்ணு மாப்பிள்ளை பெருமாளைக் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கார் பித்தளை நாயனத்தோடு மண்டபத்து வாசலில் வந்து நின்றது. நிறுத்துவதற்கு முன்னால் வீரையா ஒரு மிதி மிதித்தான். உள்ளே நிஜ நாயனக்காரர் வாயிலிருந்து நாயனத்தை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார். தவில்காரரும் நிறுத்திவிட்டார். அந்த நிசப்தத்தில் மீனாள் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்க வேண்டியிருந்தது.

"லாரியிலயா வந்தீக?" என்று அவளுடைய சின்னம்மா நிஜமாகவே சந்தேகப்பட்டுக் கேட்டாள்.

திரும்புகிற வழியில் திருப்பத்தூர் தாண்டியதும் மீனாள் அவன் பக்கம் திரும்பினாள். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, நாயனம் அப்படி அலறியது.

"வர்ற ஞாயித்துக்கெழம மூணையும் எடுத்துக்கிட்டு வாங்க. கருத்தையா அண்ணனையும் வரச் சொல்லுங்க. அந்த யுத்தகால ஏரோப்ளேன் தளத்துக்குப் போவோம். நானே ஓட்டுறேன். ஒரே ஆளு, ஒரே ரோடு, கடிகாரம் வச்சுப் பாப்போம். எது செயிக்குதோ அது வண்டியில இருக்கட்டும். மத்த ரெண்டும் கெணத்துல. அதுக்குப் பெறகு எவனாவது மூடியத் தொறந்தீக, நான் அழகி ஆஸ்டலுக்குப் போயிருவேன்."

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஒரு விபத்துத்தான். வாங்கின புதிதில் பாட்டரி பலமில்லாமல் இருந்தது. வீரையா பின்னாலிருந்து தள்ளுவான். முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும். அப்படி உட்கார்ந்தவள் நாலைந்து மாதத்தில் முழுதாகப் பழகிக்கொண்டாள். இப்போது அவனைவிட நிதானமாக ஓட்டுவாள். இதை வீரையாவே ஒத்துக்கொள்வான், கருத்தையா இல்லாத இடத்தில்.

செட்டிநாடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் யுத்தத்தின்போது போட்ட ஓடுதளம் சும்மா கிடந்தது. சிமெண்டு வெடித்து நடுவே புல் முளைத்திருந்தாலும் நேர்க்கோடு போட்டது போல நீளம். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இவர்களையும் கால்நடைப் பண்ணை மாடுகளையும் தவிர யாரும் இல்லை. கருத்தையா தன் மோட்டார் சைக்கிளில் வந்து முதல் வேலையாக மாடுகளை ஓரத்துக்கு விரட்டினான். மீனாள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சரிடம் ஓட்டப்பந்தயக் கடிகாரம் இரவல் வாங்கி வந்திருந்தாள். இடிந்த சிமெண்டுத் தூணிலிருந்து ஒற்றைப் பனைமரம் வரை தூரம். தூணருகில் வீரையா துண்டை வீசுவான். பனைமரத்தடியில் கருத்தையா கடிகாரத்தை அமுக்குவான்.

முதலில் சட்டி. அடுத்து சல்லடை. மூன்றாவது நாயனம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டம். இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டுவதை மீனாளே பார்த்துப் பழகிக்கொண்டாள். ஓட்டும்போது அவளுக்கே ஓர் ஆச்சரியம். நாயனத்தோடு போனபோது மெய்யாகவே பறப்பது போல இருந்தது. உடம்பெல்லாம் அதிர்ந்தது. 'அடடா, இவுக சொல்றது நெசந்தானோ' என்று ஒரு கணம் கலங்கிவிட்டாள்.

கடிகாரம் கலங்கவில்லை. சட்டிக்கும் சல்லடைக்கும் அரை நொடி வித்தியாசம், சல்லடைக்குச் சாதகமாக. நாயனம் சட்டியை விடப் பிந்திவிட்டது.

"கடியாரம் மக்கர்" என்றான் கருத்தையா உடனே.

"அமுக்குனது நீங்கதானண்ணே?"

"நீ நாயனத்துக்கு மட்டும் கால எடுத்துட்ட தங்கச்சி. பொம்பளைக்குச் சத்தம்னாப் பயம்."

"நானா? ஒட்ட மிதிச்சேன். வேணும்னா ஒக்காந்து பாருங்க."

"காத்து எதுத்து அடிச்சுச்சுல்ல அப்ப" என்றான் வீரையா.

"ஒரு எலை கூட ஆடல. அந்தப் பனை ஓலையப் பாருங்க!"

"அரை நொடி கூடுச்சுல்ல? சல்லடை செயிச்சுச்சுல்ல? அதச் சொல்லு."

"அரை நொடிக்கா ஒரு வருசமா எங்கழுத்த அறுத்தீக? ரோட்டுல ஒரு ஆடு குறுக்க வந்தா அந்த அரை நொடி போச்சு!"

மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினாள். அதே கணக்குத்தான் வந்தது. சூடாகிவிட்ட இஞ்சினில் அளப்பது செல்லாது என்றான் கருத்தையா. ஆறவிட்டால் பெட்ரோல் ஆவியாகிவிடும் என்றான் வீரையா. மீனாளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. எட்டாம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். அதுகளுக்குப் புரியாது, அவ்வளவுதான். இவர்களுக்குப் புரிகிறது. பிடிக்கவில்லை.

"உங்கள ஏமாத்துறது காதுதேன்" என்றாள் கடைசியில். கைப்பையில் மருந்துக்கடைப் பஞ்சு இருந்தது. நாலு உருண்டை உருட்டினாள். "இத ஆளுக்கு ரெண்டு காதுலயும் அடைச்சுக்கங்க. ரெண்டு பேரும் நடுவால அந்தப் பொதருகிட்ட நில்லுங்க. நான் அங்குட்டு அந்த இடிஞ்ச கொட்டகைக்குப் பின்னால போயி, எனக்குத் தோணுன வரிசையில மாட்டிக்கிட்டு வாரேன். மூணு ஓட்டம். எதுல நாயனம்னு கண்ணாலயே பாத்துச் சொல்லுங்க. அம்புட்டு வேகமாப் போறது கண்ணுக்குத் தெரியணும்ல?"

இரண்டு பேருக்கும் இது பிடித்திருந்தது. சின்னப் பிள்ளைகள் போல வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதலில் நாயனத்தை மாட்டி அவர்களுக்குப் பத்தடி தூரத்தில் அலறவிட்டுக் கொண்டு போனாள். இரண்டாவது சல்லடை. மூன்றாவது எண்ணெய்ச் சட்டி. அதோடே திரும்பி வந்து அவர்கள் முன்னால் நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

கருத்தையா பஞ்சை எடுத்துக்கொண்டே சிரித்தான். "மொத ஓட்டம் நாயனம். இந்தப் பஞ்சு என்னத்துக்கு ஆகும்? நெஞ்சுக்குள்ளயே கேக்குது. ரெண்டாவது சல்லடை. கடைசி சட்டி. சரிதானா?"

சரிதான். சோதனை வீண். மீனாள் பெருமூச்சு விட்டுக்கொண்டு வீரையாவைப் பார்த்தாள். அவன் கருத்தையா சொன்னதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. காரைப் பார்த்தபடி உற்சாகமாக நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க சொல்லுங்க" என்று அவன் முன்னால் போய்க் கேட்டாள்.

"கடைசில வந்ததுதேன் நாயனம்!" என்றான் வீரையா. "பாத்தேல்ல, எப்புடிப் பறந்துச்சு!"

மீனாளுக்கு ஒரு வருசத்து எரிச்சலும் ஒரே நொடியில் குளிர்ந்துவிட்டது. "அது எண்ணெய்ச் சட்டி! கம்பெனிச் சட்டி! போதுமா? உங்க கண்ணுக்கே சட்டிதேன் பறக்குது!"

கருத்தையா வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "என்ன மாப்ள, இப்புடிக் கவுத்துட்ட! அந்த அலறல் அலறுச்சு, பஞ்சு வச்சா அம்புட்டுமா அடைச்சுப் போகும்?"

அப்போதுதான் மீனாள் பார்த்தாள். வீரையாவின் சட்டைப் பையிலிருந்து வெள்ளையாக எட்டிப் பார்த்தது பஞ்சு. ஓர் உருண்டை அல்ல, இரண்டும்.

"பஞ்ச வைக்கவே இல்லையா நீங்க? ஏமாத்திக் கேக்கலாம்னு பாத்தீகளா? எங்கிளாசுப் புள்ளைக தேவல. வயசு நாப்பத்தாறு, ஒரு பஞ்ச வச்சுக்கிட்டு நாணயமா நிக்க முடியல, இப்புடிக் காதத் தொறந்து வச்சுக்கிட்டு..."

அந்த இடத்தில் அவள் பேச்சு நின்றுவிட்டது.

காதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். பத்தடி தூரத்தில் நாயனம் அலறிக்கொண்டு போயிருக்கிறது. பஞ்சு வைத்தவனுக்கு நெஞ்சுக்குள் கேட்டது. இவனுக்கு எது எது என்றே தெரியவில்லை.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். திருடி மாட்டிக்கொண்டவனின் அசடு அதில் இல்லை. அவன் பார்வை அவள் கண்ணில் இல்லை. அவள் உதட்டின் மேல் இருந்தது, அடுத்து அது எப்படி அசையப்போகிறது என்று காத்துக்கொண்டு.

"வெயில் ஏறிப்போச்சு. நீங்க போங்கண்ணே, நாங்க வாரோம்" என்றாள் கருத்தையாவிடம். அவன் இன்னும் சிரித்தபடியே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினான். சல்லடையையும் நாயனத்தையும் டிக்கியில் வைக்க வீரையா குனிந்தான். மீனாள் அவனுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்றுகொண்டு, வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்:

"சட்டையில தேள் ஊருது."

அவன் சாவகாசமாகச் சாக்கைச் சுற்றி நாயனத்தை அதில் பொதிந்துகொண்டிருந்தான்.

"உங்க முதுகுல, பெரிய கருந்தேள்" என்றாள். அவன் டிக்கியை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"என்ன, ஒரு மாதிரியா நிக்கிற?"

"எம்புட்டு நாளா?" என்று அவள் கேட்டாள், உதடு தெரிகிற மாதிரி.

"என்னது எம்புட்டு நாளா?"

"காது."

"காதுக்கென்ன, நல்லாத்தேன் கேக்குது. நீ வாய்க்குள்ளயே பேசுற."

"நானா வாய்க்குள்ள பேசுறேன்? நாப்பது புள்ளைகளுக்குக் கேக்குற மாதிரிக் கத்தியே தொண்ட போனவ நானு!"

அவன் கொஞ்ச நேரம் மாடுகளைப் பார்த்தான். பிறகு காரின் பம்பரில் உட்கார்ந்தான்.

"மூணு வருசம் இருக்கும். மொதல்ல இங்குட்டுக் காது. அப்பறம் ரெண்டும். மில்லுக்குள்ள எல்லாரும் கத்தித்தான் பேசுவாய்ங்க, அதனால தெரியல. வண்டி வாங்குனப்பறந்தேன் தெரிஞ்சுச்சு. இஞ்சின் ஓடுதா நிக்கிதான்னு தெரியல மீனா. கியர் போடணும்னாச் சத்தத்தக் கேட்டுத்தான போடணும்? செத்த வண்டிய ஓட்டுற மாதிரி இருக்கும். அந்தப் பினாங்குச் சாமான மாட்டுனன்னைக்குத்தேன் ஸ்டீயரிங்குல ஒக்காந்து இஞ்சின் பேசுறதக் கேட்டேன். நாயனம்னா இன்னுங் கொஞ்சம் தெளிவாக் கேக்கும். உள்ள ஒக்காந்தாத்தேன். வெளிய நின்னா அதுவும் இல்ல போலருக்கு. அது இன்னைக்குத்தேன் தெரிஞ்சுச்சு."

மீனாளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. சாப்பாட்டு நேரத்துத் தலையாட்டல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. தன்னோடு பேச இவனுக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்று அவள் எத்தனை ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். ஆனால் அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்துவிட்டது.

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? ஊரு பூரா என்னய லாரிக்காரிங்குது. எங்கிளாசுப் புள்ளைக உறுமுதுக. ஒரு வருசமா இழுவ கூடுது, இழுவ கூடுதுன்னு..."

"செவுட்டு வீரையான்னு சொல்லுவாய்ங்க. நெல்லுக் கொண்டாரவன் எம்முன்னாலயே ஏமாத்துற பேச்சப் பேசிக்கிட்டு எட போடுவான், எனக்குக் கேக்காது." அவன் எழுந்து வேட்டியைத் தட்டினான். "அதுக்காக இழுவ கூடலன்னு சொல்லாத. இழுவயும் கூடத்தான் செய்யுது. நீதான அரை நொடின்ன?"

அவள் கார் மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பங்குனி லீவில் அவனை மதுரைக்குக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். அழகிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லித்தான் அழைத்துப் போக முடிந்தது. டாக்டர் காதுக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்தார், மணி அடித்துப் பார்த்தார். மில் சத்தத்தில் நரம்பு தேய்ந்துவிட்டது, போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், இஞ்சின் ரூமுக்குள் போகாதீர்கள் என்றார். சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற சின்னப் பெட்டியும் காதுக்கு ஒயருமாக ஒரு மிஷினுக்குச் சொன்னார். வாங்கினார்கள். அதை மாட்டிக்கொண்டு வீரையா முதல் நாள் மில்லுக்குப் போனான். அரிசி மிஷின் சத்தம் மொத்தமும் மண்டைக்குள் இறங்கிவிட்டது என்று மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டான். வீட்டில் மாட்டினால் அது விசில் அடித்தது. மீனாள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒருநாள் பூராவும் அவனோடு சைகையிலேயே பேசி வீம்பு காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் கேட்டுக்கொண்டால், சாப்பிடும்போது மட்டும் மாட்டிக்கொள்வதாக ஒரு ராஜிக்கு வந்தான்.

கருத்தையாவிடம் அவனே போய்ச் சொன்னான். பட்டறைக்குள் கூட்டிப் போய் ரகசியமாகத்தான் சொன்னான். ஆனால் தன் குரல் எவ்வளவு உயரம் என்று அவனுக்குத் தெரியாததால் ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் வரைக்கும் விஷயம் போய்விட்டது. பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே சுத்தியல் அடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அதே கதைதான். கருத்தையா மட்டும், "அப்பன்னா நாயனத்தோட வாய இன்னுங் கொஞ்சம் அகலமா அடிச்சுத் தாரேன் மாப்ள" என்று சொன்னானாம். இதைக் கேட்டதும் மீனாள் மாட்டியிருந்ததைக் கழற்றி, இஞ்சினுக்குக் காற்றுப் போகிற வாயில் விரலை விட்டு வீரையாவுக்குக் காட்டினாள். நாயனம் ஓடின நாள்களில் கார்ப்பரேட்டர் வாய்க்குள் செம்மண் வண்டலாகப் படிந்திருந்தது. நாயனம் அன்றோடு கருத்தையா வீட்டுக்கே போய்விட்டது.

சட்டியையே மறுபடி மாட்டி, இவனுக்கு இஞ்சின் சத்தம் கேட்காமல் செய்ய மீனாளுக்கு மனசு வரவில்லை. சல்லடைதான் இருக்கட்டும் என்றாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவளே அதைக் கழற்றி, பெட்ரோலில் அலசி, வலையில் எண்ணெய் தடவி மாட்டுகிறாள். இவனிடம் விட்டால் மூடி மறுபடி மூடாது. தலைமையாசிரியையிடம் போய், ஜெபம் முடிந்த பிறகு வருவதாகச் சொல்லிக் கால் மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டாள். காரணம் கேட்டதற்கு மெஷின் கோளாறு என்று மட்டும் சொன்னாள்.

ஆடியில் அழகியைப் பார்க்க இரண்டு பேரும் மதுரைக்குப் போனார்கள். அவன்தான் ஓட்டினான். மேலூர் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது சல்லடை நன்றாக உறுமியது. வீரையா சந்தோஷமாக ஸ்டீயரிங்கைத் தட்டினான்.

"பாத்தியா இழுவைய? சட்டியா இருந்தா இந்நேரம் லாரிக்குப் பின்னாலதேன் கெடந்திருப்போம்."

"சட்டியா இருந்தாலும் முந்தியிருக்கும்" என்றாள் மீனாள்.

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சட்டியா இருந்தாலும் முந்தியிருக்கும்னேன்! லாரிக்காரன் ஒதுங்கி வழி விட்டான்!"

அவன் புன்சிரிப்போடு தலையாட்டினான். நிஜமாகவே கேட்கவில்லையா, அல்லது கேட்க வேண்டாம் என்று இருக்கிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவள் இருக்கையில் நகர்ந்து, அவன் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், மூன்றாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.